பச்சை எரியவில்லை, அணையவில்லை, செல்லும் செத்துவிட்டது: ஆர்என்ஏ சுற்றில் பிழை தேடும் வழி

"சுற்று வேலை செய்யவில்லை" என்று யாராவது மடிக்கணினியோடு வந்தால், நான் சுற்றின் வரைபடத்தைப் பார்ப்பதில்லை. ஆர்என்ஏ முழுதாக இருக்கிறதா என்று காட்டும் ஜெல் படத்தைக் காட்டச் சொல்வேன். "அதை இன்னும் ஓட்டவில்லை" என்பார்கள். பாதி நேரம் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

சுற்று என்றால், செல்லுக்குள் ஒரு குறியைக் கண்டு புரதம் உருவாவதை எரியவோ அணையவோ வைக்கும் ஆர்என்ஏ அமைப்பு. இந்தக் குறிப்பு இரண்டு வகைச் சுற்றுகளுக்கு. முதலாவது, மைக்ரோஆர்என்ஏவை (மற்ற ஆர்என்ஏவை அடக்கும் குட்டை ஆர்என்ஏ) கண்டால் அணையும் எம்ஆர்என்ஏ (புரதம் செய்வதற்கான செய்தி) ஸ்விட்ச். பச்சைப் புரதத்தின் எம்ஆர்என்ஏவில், 5′ யூடிஆருக்குள் (புரதம் தொடங்கும் இடத்துக்கு முன்னுள்ள பகுதி) மிர்-21 என்ற மைக்ரோஆர்என்ஏ ஒட்டும் இடம் ஒன்றை வைத்திருப்போம். மிர்-21 நிறைந்த ஹீலா செல்லில் பச்சை அணைய வேண்டும், அது குறைவாக உள்ள ஹெக்293 செல்லில் எரிய வேண்டும். இரண்டாவது, எல்7ஏஇ வகை. ஆர்க்கியோகுளோபஸ் ஃபுல்ஜிடஸ் என்ற ஆர்க்கியா வகை நுண்ணுயிரிலிருந்து வந்த எல்7ஏஇ புரதம், கிங்க்-டர்ன் என்ற வளைந்த ஆர்என்ஏ மடிப்பைப் பிடித்துக்கொண்டு மொழிபெயர்ப்பை, அதாவது எம்ஆர்என்ஏவைப் படித்துப் புரதம் செய்வதை, நிறுத்தும். கியோட்டோவில் ஹிரோஹிடே சைட்டோ குழு 2010இல் இதைப் பாலூட்டிச் செல்லில் காட்டியது. 2015இல் எம்ஐடியின் ரான் வைஸ் குழுவும் அவர்களும் சேர்ந்து, டிஎன்ஏ இல்லாமல் முழுச் சுற்றையும் ஆர்என்ஏவாகவே செல்லுக்குள் அனுப்பினார்கள். நானும் அந்த வழியில்தான் வேலை செய்கிறேன். பிளாஸ்மிடாக, அதாவது வட்ட டிஎன்ஏவாக, அனுப்புகிறவர்களுக்கு வேறு தலைவலிகள் உண்டு, அவற்றை ஆங்காங்கே தொட்டுவிட்டுப் போகிறேன்.

கீழே பச்சை என்றால் சுற்றின் வெளியீடு. நீலம் என்றால் எந்த ஸ்விட்சும் இல்லாத ஒப்பீட்டு எம்ஆர்என்ஏ.

## எதையும் பிரிப்பதற்கு முன்: ஏழு குழிகள்

இந்த ஏழும் செல் வளர்க்கும் தட்டில் இல்லையென்றால் கீழே உள்ள எந்தக் கிளையிலும் நடக்க முடியாது.

1. எதுவும் போடாத செல்
2. டிரான்ஸ்ஃபெக்‌ஷன் லிப்பிட் (ஆர்என்ஏவைச் செல்லுக்குள் கொண்டுபோகும் கொழுப்பு) மட்டும், ஆர்என்ஏ இல்லை
3. நீலம் மட்டும்
4. நீலம், ஒட்டும் இடம் இல்லாத பச்சை
5. நீலம், ஸ்விட்ச் உள்ள பச்சை
6. ஐந்தாவது குழியில் உள்ளதோடு அந்த மைக்ரோஆர்என்ஏவின் இன்ஹிபிட்டர் (தடுப்பான்)
7. மைக்ரோஆர்என்ஏ குறைந்த செல்லில் ஐந்தாவதில் உள்ளதோடு மிமிக் (மைக்ரோஆர்என்ஏவின் செயற்கை நகல்)

எல்7ஏஇ சுற்று என்றால் ஆறும் ஏழும் வேண்டாம். அந்த இடத்தில், எல்7ஏஇ பிடிக்க முடியாதபடி கிங்க்-டர்னைக் கெடுத்த பச்சையையும், எல்7ஏஇக்குப் பதில் தொடர்பில்லாத ஏதோ ஒரு புரதத்தின் எம்ஆர்என்ஏவையும் வையுங்கள். கெடுத்த கிங்க்-டர்ன் குழியை எல்லோரும் "அடுத்த முறை" என்று தள்ளிப்போடுவார்கள். மூன்றாவது அறிகுறிக்கு வரும்போது அந்தக் குழிதான் வேண்டியிருக்கும்.

எல்லாக் குழியிலும் மொத்த ஆர்என்ஏ அளவு ஒன்றாக இருக்கட்டும். ஒன்றில் 100 நானோகிராம், இன்னொன்றில் 200 என்றால் வித்தியாசம் சுற்றினால் வந்ததா, அளவினால் வந்ததா என்று சொல்ல முடியாது.

## அறிகுறி 1: எதுவும் ஒளிரவில்லை

### நீலமும் இல்லை, பச்சையும் இல்லை

சுற்றை மறந்துவிடுங்கள். பிழை அதற்கு முன்னாலேயே இருக்கிறது.

முதலில் காசு செலவில்லாதவை. லிப்பிட்டையும் ஆர்என்ஏவையும் கலந்தது சீரம் உள்ள மீடியத்திலா? சீரத்தில் ஆர்என்ஏவைத் தின்னும் ஆர்என்ஏஸ் என்சைம் உண்டு, சுற்றிக்கொள்ள லிப்பிட் கிடைப்பதற்குள் ஆர்என்ஏ போய்விடும். சீரம் இல்லாத மீடியத்தில் கலந்து, பிறகு செல்லின் மேல் ஊற்றுங்கள். செல் தட்டை மூடி அடர்ந்துவிட்டதா? அப்படியானால் உள்ளே போவது குறையும். லிப்பிட் டிஎன்ஏவுக்கானதா, எம்ஆர்என்ஏவுக்கானதா? டிஎன்ஏ லிப்பிட்டிலும் ஓரளவு வரும், ஆனால் சுத்தமாக வராத நாளும் உண்டு.

அடுத்து, கடையில் வாங்கிய பச்சை எம்ஆர்என்ஏ ஒன்றை அதே நாளில் அதே செல்லில் போட்டுப் பாருங்கள். எம்ஆர்என்ஏ கருவுக்குள் போகத் தேவையில்லை என்பதால் சில மணி நேரத்திலேயே மங்கலாக ஒளி தெரியும், அடுத்த நாள் காலையில் சந்தேகமே இருக்காது. வாங்கியது எரிந்து உங்களுடையது எரியாவிட்டால் கோளாறு உங்கள் ஆர்என்ஏவில். இரண்டும் எரியாவிட்டால் செல்லிலோ லிப்பிட்டிலோ.

ஆர்என்ஏவில் என்றால் ஜெல். ஃபார்மமைடு கலந்த சாயத்தில் 70 டிகிரியில் சில நிமிடம் சூடாக்கி, உடனே பனிக்கட்டியில் வைத்து ஓட்டுங்கள். சூடாக்காமல் ஓட்டினால் மடிந்த ஆர்என்ஏ இரண்டு மூன்று பட்டைகளாகத் தெரிந்து வீணாகப் பயமுறுத்தும். பார்க்க வேண்டியவை:

கீழ்நோக்கி இழுபட்ட புகை. ஆர்என்ஏஸ் தின்றிருக்கிறது. எல்லோரும் கையுறையையும் தண்ணீரையும் சந்தேகிப்பார்கள். நான் முதலில் சந்தேகப்படுவது மினிபிரெப்பை. பிளாஸ்மிட் எடுக்கும் முதல் பஃபரிலேயே ஆர்என்ஏஸ் ஏ கலந்திருக்கும், அதில் கொஞ்சம் கூடவே வந்துவிடும். மூன்று வாரம் நான் மேசை, பைப்பட், டப்பா என்று எல்லாவற்றையும் துடைத்துக்கொண்டிருந்தேன். குற்றவாளி டெம்ப்ளேட் (ஆர்என்ஏவைப் படியெடுக்கும் அச்சான டிஎன்ஏ) குழாய்க்குள்ளேயே உட்கார்ந்திருந்தது. வெட்டிய டெம்ப்ளேட்டை ஃபீனால்-குளோரோஃபார்மில் ஒருமுறை சுத்தம் செய்து எத்தனாலில் வீழ்படிய வைத்ததும் பட்டை கத்தியால் வெட்டியது போல வந்தது. இல்லையென்றால் பிசிஆரில் பெருக்கிய டெம்ப்ளேட்டுக்கு மாறிவிடுங்கள்.

எதிர்பார்த்ததைவிட நீளமான பட்டை. பிளாஸ்மிட் முழுதாக வெட்டுப்படவில்லை. ஆர்என்ஏவைப் படியெடுக்கும் டி7 பாலிமரேஸ் என்சைம் வட்டத்தைச் சுற்றிச் சுற்றி ஓடியிருக்கிறது. வெட்டிய டெம்ப்ளேட்டைத் தனியாக ஜெல்லில் பாருங்கள். 3′ பக்கம் நீட்டிக்கொண்டு வெட்டும் கேபிஎன்-1, பிஎஸ்டி-1 போன்ற என்சைம்களைத் தவிருங்கள், அந்த முனையிலிருந்து வேண்டாத ஆர்என்ஏ உருவாகும்.

ஜெல் அழகாக இருக்கிறது, ஆனாலும் ஒளி இல்லை. காரணம் கேப், எம்ஆர்என்ஏவின் 5′ முனையில் இருக்க வேண்டிய மூடி. ஜெல்லில் கேப் தெரியாது, கேப் இல்லாத எம்ஆர்என்ஏவும் அதே அழகோடுதான் ஓடும். என்சைமால் கேப் போடுகிறீர்கள் என்றால், எஸ்-அடினோசைல்மெத்தியோனின் பழையதா என்று பாருங்கள். அது சீக்கிரம் கெடும், அன்றன்றைக்கு நீர்த்துக்கொள்ள வேண்டும். ஆர்கா என்ற கேப்பைப் போடுகிறவர்கள் ஜிடிபி (GTP) அளவைக் குறைத்து, ஆர்காவையும் அதையும் 4:1 வைத்தீர்களா? சரியாகச் செய்தாலும் ஐந்தில் ஒரு பங்கு வரை கேப் இல்லாமல் மிஞ்சும். கிளீன்கேப் ஏஜி என்ற கேப்பைப் போடுகிறவர்கள் டி7 புரோமோட்டருக்குப் பின் முதல் எழுத்துகள் ஏஜிஜி என்று மாறியிருக்கிறதா என்று பாருங்கள். பழைய ஜிஜிஜி டெம்ப்ளேட்டையே வைத்துக்கொண்டு விலை உயர்ந்த கேப்பைக் கொட்டியவர்களில் நானும் ஒருவன்.

*எப்போது உதவி கேட்பது:* கேப் எத்தனை சதவீதம் ஏறியது என்று எண்ணாகத் தெரிய வேண்டுமென்றால் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி வேண்டும். நீங்களே முயலாதீர்கள், அந்தக் கருவி வைத்திருப்பவர்களிடம் கொடுங்கள். அதற்கு முன் புதிய கேப்போடு ஒரு தொகுதி தயாரித்துப் பார்ப்பது மலிவு.

### நீலம் உண்டு, பச்சை மட்டும் இல்லை

நான்காவது குழியைப் பாருங்கள். ஒட்டும் இடம் இல்லாத பச்சை எரிகிறதா? எரியவில்லை என்றால் பச்சையின் எம்ஆர்என்ஏ தொகுதியே கெட்டது, மேலே போங்கள். எரிகிறது, ஸ்விட்ச் உள்ளது மட்டும் மைக்ரோஆர்என்ஏ இல்லாத செல்லிலும் இருட்டு என்றால், நீங்கள் 5′ யூடிஆருக்குள் நுழைத்த துண்டில்தான் சிக்கல்.

காகிதத்தில் முடிகிற சோதனை: அந்தத் துண்டிலும் அதன் இரு ஓரங்களிலும் புரதம் தொடங்கும் குறியான ஏயூஜி எங்காவது முளைத்திருக்கிறதா என்று தேடுங்கள். புரதம் செய்யும் ரைபோசோம் அங்கேயே தொடங்கிவிடும், உங்கள் புரதம் சட்டகம் தவறிப்போகும். இது எப்படி நேரும் என்பதற்கு மிர்-21 தானே நல்ல உதாரணம். மிர்-21-5பியின் வரிசை யூஏஜிசியூயூஏயூசிஏஜிஏசியூஜிஏயூஜியூயூஜிஏ. ஸ்விட்சில் வைக்க வேண்டியது இதன் எதிர்நிரப்பு வரிசையை. அவசரத்தில் இதையே அப்படியே ஒட்டிவிட்டால் நடுவில் ஒரு ஏயூஜி வந்து உட்காரும். மிர்-21 இதில் ஒட்டவும் ஒட்டாது. ஒரே தவறு, இரண்டு நோய்: எரியவும் எரியாது, உணரவும் உணராது. சரியாகத் திருப்பி வைத்த வரிசையில் ஏயூஜி இல்லை.

அதுவும் இல்லையென்றால் துண்டு இறுக்கமாக மடிந்து ரைபோசோமின் வழியை அடைக்கிறது. ஆர்என்ஏ மடிப்பைக் கணிக்கும் இலவச மென்பொருளில் 5′ யூடிஆரைப் போட்டுப் பாருங்கள். அல்லது அந்தத் துண்டை 3′ யூடிஆருக்கு (புரதப் பகுதி முடிந்த பின்னுள்ள பகுதி) மாற்றுங்கள்.

## அறிகுறி 2: பச்சை அணைய மறுக்கிறது

அதிகம் கேட்கப்படும் புகார் இதுதான். ஹீலாவில் அணைய வேண்டும், ஆனால் கொழுந்துவிட்டு எரிகிறது. ஆறாவது குழியைப் பார்த்து இரண்டாகப் பிரியுங்கள்.

### இன்ஹிபிட்டர் போட்டாலும் மாற்றம் இல்லை

ஸ்விட்ச் மைக்ரோஆர்என்ஏவைப் பார்க்கவே இல்லை.

வரிசை தலைகீழா என்று முதலில் பாருங்கள், மேலே சொன்னதுதான். அடுத்து, சரியான இழையா? ஒரு மைக்ரோஆர்என்ஏவுக்கு 5பி, 3பி என்று இரண்டு இழைகள் உண்டு. பல செல்களில் ஒன்று வேலை செய்யும், மற்றது சீக்கிரம் சிதைந்துவிடும். பட்டியலில் வெறும் எண்ணைப் பார்த்துவிட்டுத் தவறான இழைக்கு ஸ்விட்ச் கட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் நடு எழுத்துகள். முழுப் பொருத்தம் இருந்தால்தான் மைக்ரோஆர்என்ஏவைத் தாங்கும் ஆர்கோநாட்-2 புரதம் எம்ஆர்என்ஏவை வெட்டும். வெட்டு விழுவது மைக்ரோஆர்என்ஏவின் 10ஆம் 11ஆம் எழுத்துகளுக்கு எதிரே. ஆலிகோ (குட்டை டிஎன்ஏ) தயாரிப்பில் அந்த இடத்தில் ஒரு எழுத்து பிசகினாலும் வெட்டு நின்றுவிடும், ஓரத்தில் பிசகினால் அவ்வளவு பாதிக்காது. ஆகவே நாலு குளோனையாவது சீக்வென்சிங்குக்கு அனுப்புங்கள். ஒரு குளோன் மட்டும் அனுப்பி, சரியாக இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள்.

எல்லாம் சரி என்றால் ஏழாவது குழி. ஹெக்293இல் மிமிக் போட்டால் பச்சை அணைகிறதா? அணைந்தால் ஸ்விட்ச் நல்லது, உங்கள் ஹீலாவில் அந்த மைக்ரோஆர்என்ஏ செயல்படவில்லை. "கியூபிசிஆரில் (ஆர்என்ஏ அளவை எண்ணும் சோதனை) இருக்கிறதே" என்பார்கள். இருப்பது வேறு, அடக்கும் அளவுக்கு இருப்பது வேறு. சென்சார் நூலகம் கொண்டு 2012இல் நடந்த ஆய்வில், கண்டறியப்பட்ட மைக்ரோஆர்என்ஏக்களில் பாதிக்கு மேல் எந்த அடக்குதலும் காட்டவில்லை. கியூபிசிஆர் எண்ணை நம்பி ஸ்விட்ச் கட்டாதீர்கள், சின்ன சென்சார் ஒன்றைப் போட்டுச் செயல்பாட்டை அளந்துவிட்டுத் தொடங்குங்கள்.

### மாற்றம் உண்டு, ஆனால் போதாது

இங்கே நல்ல செய்தி: சுற்று உணர்கிறது. எளியதிலிருந்து போவோம்.

அளவு. பெரும்பாலும் இதுதான். செல்லில் உள்ள மைக்ரோஆர்என்ஏ ஓர் எல்லை வரை எம்ஆர்என்ஏவைச் சமாளிக்கும், அதற்கு மேல் போட்டால் மிச்சமெல்லாம் எரியும். 24 குழித் தட்டில் 100, 50, 20, 10 நானோகிராம் என்று இறங்கிப் பாருங்கள், மொத்த ஆர்என்ஏவை ஒளிராத எம்ஆர்என்ஏ ஒன்றால் நிரப்பிச் சமமாக வையுங்கள். மங்கலான ஒளியைக் கண்டு அளவைக் கூட்டுவது எல்லோருக்கும் இருக்கும் ஆசை. அந்த ஆசைதான் ஸ்விட்சைக் கொல்கிறது.

நேரம். பச்சை ஒளிப்புரதத்தின் அரை ஆயுள் ஒரு நாளுக்கு மேல். முதல் சில மணி நேரத்தில் எம்ஆர்என்ஏ வெட்டுப்படுவதற்குள் உருவான புரதம் அப்படியே கிடக்கும். நீங்கள் அளப்பது இப்போதைய நிலையை அல்ல, நேற்றைய மிச்சத்தை. சீக்கிரம் சிதையும் வகைப் பச்சையைப் பயன்படுத்தினால் அரை ஆயுள் சுமார் 2 மணி நேரம், ஒளி குறையும், ஆனால் உண்மை சொல்லும்.

அளக்கும் முறை. மொத்தப் பச்சையின் சராசரியைப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு செல்லிலும் பச்சையை நீலத்தால் வகுத்து, அந்த விகிதத்தைப் பாருங்கள். ஒரு செல் நிறைய ஆர்என்ஏ வாங்கியிருக்கும், பக்கத்துச் செல் கொஞ்சமாக வாங்கியிருக்கும். விகிதம் மட்டுமே ஒப்பிடத் தகும்.

ஒட்டும் இடங்களின் எண்ணிக்கை. மூன்றும் பார்த்த பிறகே இதற்கு வாருங்கள். 3′ யூடிஆரில் நான்கு இடங்களைச் சேர்த்துப் பார்க்கலாம். 5′ பக்கம் கூட்டினால் மொழிபெயர்ப்பே குறையும் என்பதை மனதில் வையுங்கள்.

நியூக்ளியோடைட். ஆர்என்ஏவின் யூ எழுத்தான யூரிடினுக்குப் பதில் என்1-மெத்தில்சூடோயூரிடின் போட்டுப் புது தொகுதி தயாரித்தால் மைக்ரோஆர்என்ஏ ஸ்விட்ச் பெரும்பாலும் மேம்படும், 2020இல் இதற்கென்றே செய்த ஒப்பீடு உண்டு. விலை அதிகம் என்பதால் கடைசியில் வைத்திருக்கிறேன். ஒரு எச்சரிக்கை: சுற்றில் மடிந்தால்தான் வேலை செய்யும் ரைபோசைமோ ஆப்டாமரோ இருந்தால் மாற்று நியூக்ளியோடைட் அதன் மடிப்பையே கெடுக்கலாம். அப்படிப்பட்ட சுற்றுக்குக் கண்ணை மூடிக்கொண்டு மாற்றாதீர்கள்.

எரியும் வகை ஸ்விட்ச் பற்றி ஒரு வரி. எம்ஆர்என்ஏவின் கடைசியில் உள்ள பாலி-ஏ வாலுக்கு (ஏ எழுத்துகளின் தொடர்) பின்னால் ஒரு கூடுதல் துண்டை ஒட்டி, மைக்ரோஆர்என்ஏ அதை வெட்டியதும் எரியவைக்கும் முறையை 2022இல் கியோட்டோ குழு காட்டியது. அது எப்போதும் எரிந்துகொண்டே இருந்தால், அந்தக் கூடுதல் துண்டு இல்லாத குட்டை ஆர்என்ஏக்கள் உங்கள் தொகுதியில் கலந்திருக்கின்றன. வடிவமைப்பைத் தொடாதீர்கள், ஆர்என்ஏவைச் சுத்தம் செய்யுங்கள்.

## அறிகுறி 3: எல்7ஏஇ போட்டும் பச்சை கசிகிறது

கெடுத்த கிங்க்-டர்ன் குழியோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒரே அளவு எரிந்தால் எல்7ஏஇ வரவே இல்லை, அல்லது பிடிக்கவே இல்லை. எல்7ஏஇயோடு ஒரு சிறு அடையாள வால் சேர்த்து, புரதம் இருக்கிறதா என்று காட்டும் வெஸ்டர்ன் பிளாட் எடுங்கள். புரதம் இருக்கிறது, பிடிப்பு இல்லை என்றால் கிங்க்-டர்ன் வரிசையில் பிழை.

நல்ல கிங்க்-டர்னில் பச்சை குறைவாக, ஆனால் பூஜ்யமாக இல்லாமல் இருந்தால் அதுதான் உண்மையான கசிவு. காரணங்கள் இந்த வரிசையில்:

இரண்டு எம்ஆர்என்ஏவையும் தனித்தனி லிப்பிட்டில் கலந்தீர்களா? அப்படியானால் சில செல்களுக்குப் பச்சை மட்டும் போயிருக்கும், எல்7ஏஇ போயிருக்காது. முதலில் ஆர்என்ஏக்களை ஒன்றாகக் கலந்து, பிறகு லிப்பிட்டைச் சேருங்கள். இந்த ஒரு மாற்றத்தில் பாதிக் கசிவு நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது ஓட்டப்பந்தயம். பச்சை எம்ஆர்என்ஏ உள்ளே வந்ததும் மொழிபெயர்ப்பு தொடங்கிவிடும். எல்7ஏஇயோ முதலில் தானே புரதமாக வேண்டும், பிறகுதான் அடக்க முடியும். இடைவெளியில் உருவான பச்சை நாள் முழுக்க ஒளிரும். சிதையும் பச்சையைப் போடுங்கள். அல்லது எல்7ஏஇ எம்ஆர்என்ஏவைச் சில மணி நேரம் முன்னால் கொடுத்துப் பாருங்கள். முன்கூட்டிக் கொடுத்ததும் கசிவு நின்றால் நோய் கண்டுபிடிக்கப்பட்டது.

விகிதம். பச்சையைக் குறைத்து எல்7ஏஇயைக் கூட்டுங்கள். இதற்கு ஓர் எல்லை உண்டு. மனிதச் செல்லில் எல்7ஏஇயின் உறவுக்காரப் புரதம் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது, 15.5கே என்பார்கள். அது யூ4 ஆர்என்ஏவிலும் சிறு நியூக்ளியோலார் ஆர்என்ஏக்களிலும் உள்ள கிங்க்-டர்ன்களைப் பிடிக்கிறது. அந்த இடங்களில் எல்7ஏஇயும் கை வைக்கலாம். செல் வாடத் தொடங்கினால் கூட்டுவதை நிறுத்துங்கள்.

கிங்க்-டர்ன் எங்கே இருக்கிறது? கேப்புக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ அவ்வளவு நன்றாக அடக்கும். ஏயூஜிக்குப் பக்கத்தில் தள்ளி வைத்திருந்தால் முன்னால் கொண்டுவாருங்கள். இது மறுபடி குளோனிங் என்பதால் கடைசி.

*எப்போது உதவி கேட்பது:* இத்தனையும் செய்தும் கசிந்தால் ரெப்ளிகான் வழியை யோசிக்கலாம். ஆல்ஃபாவைரஸிலிருந்து வரும், தன்னைத்தானே பெருக்கிக்கொள்ளும் ஆர்என்ஏ அது. ஆனால் நிறுவனத்தின் உயிரியல் பாதுகாப்புக் குழுவிடம் முதலில் போங்கள், ஆர்டர் போட்ட பிறகு அல்ல.

## அறிகுறி 4: செல்கள் சாகின்றன

எந்தக் குழியில் சாகின்றன? அதைப் பார்க்காமல் எதையும் மாற்றாதீர்கள்.

லிப்பிட் மட்டும் போட்ட குழியிலும் சாகின்றன. லிப்பிட் அதிகம். பாதியாக்குங்கள், நாலு மணி நேரத்தில் மீடியத்தை மாற்றுங்கள்.

எதுவும் போடாத குழியிலும் வாடலாக இருக்கின்றன. மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியாத் தொற்று. இன்றே பிசிஆர் பண்ணுங்கள். பாசிட்டிவ் என்றால் அந்த செல்லை வீசிவிட்டு உறைய வைத்த பழைய குப்பியை எடுங்கள். மருந்து போட்டுக் காப்பாற்ற முயன்று மாதக்கணக்கை இழக்காதீர்கள்.

நீங்கள் தயாரித்த எந்த ஆர்என்ஏ போட்டாலும் சாகின்றன, வாங்கிய ஆர்என்ஏவில் மட்டும் சாவதில்லை. உங்கள் ஆர்என்ஏவைச் செல் வைரஸ் என்று நினைக்கிறது. ஹெக்293இல் இது சரியாகத் தெரியாது, அது சாது. அதே ஆர்என்ஏவை முதன்மை ஃபைப்ரோபிளாஸ்டில் போட்டதும் கொத்துக்கொத்தாக மிதக்கும். பலர் அங்கேதான் "சுற்று நச்சு" என்று முடிவுகட்டுவார்கள்.

உறுதிசெய்ய: டிரான்ஸ்ஃபெக்‌ஷனுக்குச் சில மணி நேரம் கழித்து வைரஸ் எச்சரிக்கையில் ஏறும் இன்டர்ஃபெரான்-பீட்டா, ஐஎஃப்ஐடி1 என்ற இரண்டு மரபணுக்களுக்கும் கியூபிசிஆர். ஏறியிருந்தால் இரண்டு சந்தேக நபர்கள்.

ஒன்று, கேப் ஏறாத ஆர்என்ஏவின் 5′ முனையில் உள்ள ட்ரைபாஸ்பேட். செல்லின் வைரஸ் உணரியான ரிக்-1 இதைப் பிடிக்கும். பாஸ்பட்டேஸ் போட்டு வெட்டிவிடுங்கள், ஒரு மணி நேர வேலை, மலிவு.

இரண்டு, இரட்டை இழை ஆர்என்ஏ. டி7 பாலிமரேஸ் ஒழுங்கான ஆர்என்ஏவோடு கூடவே இதையும் செய்யும். நைலான் சவ்வில் உங்கள் ஆர்என்ஏவைப் புள்ளி வைத்து ஜே2 ஆன்டிபாடியால் பாருங்கள். புள்ளி கறுத்தால், 16 சதவீத எத்தனால் உள்ள பஃபரில் செல்லுலோஸ் பொடியோடு சுழற்றி எடுங்கள். இரட்டை இழை பொடியில் ஒட்டிக்கொள்ளும், ஒற்றை இழை கீழே வரும். 2019இல் வந்த முறை, கருவி எதுவும் வேண்டாம், ஒரு மதியத்தில் முடியும். அடுத்த தொகுதியில் மெக்னீசியத்தைக் குறைத்தும் பாருங்கள்.

யூரிடினை மாற்றுவதும் இந்த நோய்க்கு மருந்துதான். கரிகோவும் வைஸ்மனும் 2005இல் சொன்னது, 2023இல் நோபல் வாங்கித்தந்தது. ஆனால் மாற்று நியூக்ளியோடைட் போட்டுவிட்டோம், இனி சுத்தம் தேவையில்லை என்று நினைக்காதீர்கள். இரண்டும் வேண்டும்.

*எப்போது உதவி கேட்பது:* செல்லுலோஸுக்குப் பிறகும் இன்டர்ஃபெரான் இறங்கவில்லை என்றால் ஹெச்பிஎல்சி என்ற பிரிப்புக் கருவி. அதன் அயான்-பேர் பிரிப்புக் குழாயில் (column) நீளமான ஆர்என்ஏவைப் பிரிப்பது தனிக் கைப்பழக்கம். அந்தக் குழாய் விலை அதிகம், பழகாத கையில் ஒரே நாளில் கெடும். அந்த வசதி உள்ள மையத்துக்கு அனுப்புங்கள்.

சுற்று உள்ள குழியில் மட்டும் சாகின்றன. இப்போதுதான் சுற்றைச் சந்தேகிக்க வேண்டிய நேரம். எல்7ஏஇ அளவைப் பாதியாக்குங்கள். வெளியீடு பேக்ஸ் போன்ற கொல்லும் புரதம் என்றால் அது கசிகிறது, மூன்றாவது அறிகுறிக்குப் போங்கள்.

## அறிகுறி 5: அணைகிறது, ஆனால் எல்லாமே அணைகிறது

இதை நோயாகவே யாரும் பார்ப்பதில்லை, வெற்றி என்று நினைத்து ஸ்லைடில் போட்டுவிடுவார்கள். பச்சை குறைந்தது, சரி. நீலம் எங்கே?

நீலமும் குறைந்திருந்தால் பிகேஆர் என்ற செல் புரதம் விழித்திருக்கிறது. இரட்டை இழை ஆர்என்ஏவைக் கண்டால் அது செல்லின் மொழிபெயர்ப்பையே மூடிவிடும். ஸ்விட்ச் அணைத்தது போலவே தெரியும். விகிதம் மாறாமல் இருந்தால் ஸ்விட்ச் எதுவும் செய்யவில்லை என்று பொருள். நாலாவது அறிகுறியின் சுத்தம் செய்யும் பகுதிக்குப் போங்கள்.

பிளாஸ்மிட் வழியில் இன்னொரு காரணம். பச்சையை அதிகம் செய்யவைத்தால் நீலம் தானாகக் குறையும், இரண்டும் ஒரே ரைபோசோம்களுக்கும் ஒரே படியெடுக்கும் இயந்திரத்துக்கும் அடித்துக்கொள்கின்றன. 2020இல் இதை அளந்து காட்டிய ஆய்வுகள் வந்தன. பிளாஸ்மிட் அளவைக் குறையுங்கள், வலுவான புரோமோட்டரை மாற்றுங்கள்.

## அறிகுறி 6: போன மாதம் ஓடியது, இப்போது ஓடவில்லை

பழைய ஆர்என்ஏ குழாய், பழைய பிளாஸ்மிட், பழைய செல். மூன்றில் எது மாறியது?

ஆர்என்ஏவை எத்தனை முறை உருக்கி உறைய வைத்தீர்கள்? சிறு குழாய்களில் பிரித்து -80இல் வைத்திருக்க வேண்டும். ஒரே குழாயை எட்டு பேர் தொட்டால் அது ஆர்என்ஏ குழாய் அல்ல. மறுபடி ஜெல்.

செல் எத்தனையாவது பாசேஜ் (புதிய தட்டுக்கு மாற்றிய முறை)? எண் எழுதாத பிளாஸ்க்கை நம்பாதீர்கள்.

பிளாஸ்மிட்தான் ஆபத்தான எதிரி. பாலி-ஏ வால் உள்ள பிளாஸ்மிடை ஈ.கோலையில் வளர்க்க வளர்க்க வால் தேயும். 120 ஏ இருந்த இடத்தில் ஒருநாள் 60, 40 என்று ஆகிவிடும். ஒளி மெல்ல மெல்லக் குறையும், யாரும் கவனிக்கமாட்டார்கள். வாலின் இருபுறமும் வெட்டி ஜெல்லில் துண்டின் நீளத்தைப் பாருங்கள். தேய்ந்திருந்தால் பழைய கிளிசரால் குப்பிக்குத் திரும்பி, மறுசேர்க்கை குறைந்த வகை பாக்டீரியாவில் 30 டிகிரியில் வளருங்கள். நான் இப்போது பிளாஸ்மிடில் வாலே வைப்பதில்லை. 120 டி உள்ள பிரைமரால் பிசிஆர் செய்து வாலை ஒட்டிக்கொள்கிறேன், அந்தத் தலைவலியே போயிற்று.

## அறிகுறி 7: ஃப்ளோ சைட்டோமீட்டரில் இரண்டு மலைகள்

செல்களை ஒவ்வொன்றாக அளக்கும் இந்தக் கருவியின் வரைபடத்தில் ஒரு மேட்டுக்குப் பதில் இரண்டு: பாதிச் செல்கள் அணைகின்றன, பாதி எரிகின்றன. முதலில், ஆர்என்ஏ போகாத செல்களையும் சேர்த்துப் பார்க்கிறீர்களா? நீலம் உள்ள செல்களை மட்டும் கேட் செய்யுங்கள், அதாவது தேர்ந்தெடுத்துப் பாருங்கள். பல நேரம் இரண்டாவது மலை அங்கேயே மறையும்.

மறையவில்லை என்றால் நீலம் மட்டும் போட்ட குழியில் பச்சை டிடெக்டரில் ஏதாவது தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் காம்பென்சேஷனில், அதாவது நிறக் கசிவைக் கழிக்கும் அமைப்பில், பிழை. ஒற்றை நிறக் குழிகளோடு சைட்டோமீட்டர் இயக்குபவரிடம் போங்கள், கருவியின் வோல்டேஜை நீங்களாகத் திருகாதீர்கள்.

அதுவும் சரி, மலை இன்னும் இரண்டுதான் என்றால் இரண்டு மலையிலிருந்தும் செல்களைப் பிரித்தெடுத்து, மைக்ரோஆர்என்ஏவை அளந்து பாருங்கள். அளவு வேறாக இருந்தால் உங்கள் தட்டில் உண்மையிலேயே இரண்டு வகைச் செல்கள் இருக்கின்றன. ஸ்டெம் செல்லை வேறு செல்லாக மாற்றும் வேலையில் இது அடிக்கடி வரும், அங்கே ஸ்விட்ச் கட்டியதே இதைக் கண்டுபிடிக்கத்தான். ஹீலாவில் வந்தால், யாரோ ஒருவர் பிளாஸ்க்கின் மேல் தவறான பெயரை எழுதியிருக்கிறார்.